பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டுக்கடனை முடித்துவிடலாமா?

ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் 53 வயது வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2003இல் வேலைக்குச் சேர்ந்தவர். 58இல் ஓய்வு. 2016இல் 20 ஆண்டுத் தவணையில் 26 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கினார். கோவிட் காலத்தில் ஆறு மாதம் தவணையை ஒத்திப்போட்டார். இன்று பாக்கி 18.40 லட்சம், வட்டி 9 சதவீதம், மாதத் தவணை 24,918 ரூபாய், இன்னும் 108 தவணை. பி.எஃப். கணக்கில் 31 லட்சம் இருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 52,000, கைக்கு வருவது 85,000. வீட்டுச் செலவு 40,000, மகனின் கல்லூரி விடுதிக்கு 11,000. மகளின் திருமணத்துக்கென்று 8 லட்சத்தை 6.6 சதவீத வட்டிக்கு ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டிருக்கிறார். வீடு இவர் பெயரிலும் மனைவி பெயரிலும் கூட்டாக இருக்கிறது.

கம்பெனி மனிதவளப் பிரிவில், 36 மாதச் சம்பளக் கணக்கில் 18.72 லட்சம் வரை வீட்டுக்கடனுக்காக பி.எஃப். எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மைத்துனர், “எடுத்து ஒரேயடியாக அடைத்துவிடுங்கள், நிம்மதி” என்கிறார். உடன் வேலை செய்பவர், “வட்டியை எல்லாம் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள், இனிமேல் அடைப்பது வீண்” என்கிறார். வரிச்சலுகை போய்விடுமோ, அபராதம் போடுவார்களோ என்ற பயமும் வாசகருக்கு உண்டு. “ஓய்வு பெறும் நாளில் கடன்காரனாக வீட்டுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான் என் ஆசை” என்று முடிக்கிறார். கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி: தம்பியின் தொழில் கடனுக்கு இவர் ஜாமீன் போட்டிருக்கிறாராம்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஆசை நியாயமானது. ஆனால் ஓய்வு நாளுக்கு இன்னும் 60 மாதம் இருக்கிறது. உங்கள் ஆசைப்படி கடன் முடிய வேண்டியது 58இல். நீங்கள் அதை 53இலேயே முடிக்கப் பார்க்கிறீர்கள். அதற்கு எடுக்கப்போவதோ 58க்குப் பிறகு உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் சோறு போட வேண்டிய பணம். பி.எஃப். கணக்கைத் தொடாமலே, 58க்குள் இந்தக் கடனை முடிக்க உங்கள் வரவு செலவில் இடம் இருக்கிறது. அதற்கு முன், மைத்துனர் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அவர் சொல்வது முழுத் தவறு அல்ல.

மைத்துனரின் கணக்கு

பி.எஃப். வட்டி 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் 8.25 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அறிவிக்கப்படும் வட்டிதான், உத்தரவாதமில்லை. என்றாலும் கணக்குக்கு அதையே வைத்துக்கொள்வோம். உங்கள் கடன் வட்டி 9. ஆக, 8.25 தரும் பணத்தை எடுத்து 9 கேட்கும் கடனை அடைத்தால் முக்கால் சதவீதம் லாபம். ரூபாயில் சொன்னால்:

பி.எஃப். கணக்கில் 18.40 லட்சத்தை எடுக்காமல் விட்டால் ஐந்து ஆண்டில் அது 27.35 லட்சம் ஆகும். தவணையை இப்போதுபோலவே கட்டிவந்தால் அன்றைக்குக் கடன் பாக்கி 10 லட்சம். கழித்தால் மிஞ்சுவது 17.35 லட்சம். மாறாக, இன்றே எடுத்துக் கடனை அடைத்துவிட்டு, மிச்சமாகும் 24,918 ரூபாயை மாதம் தவறாமல் விருப்ப வைப்பு நிதியாக, அதாவது வி.பி.எஃப். ஆகப் பிடிக்கச் சொன்னால், ஐந்து ஆண்டில் 18.30 லட்சம் சேரும். ஏறக்குறைய ஒரு லட்சம் கூடுதல். மைத்துனர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொன்னது இதனால்தான்.

அந்த ஒரு லட்சம் இரண்டு விஷயங்களை நம்பி நிற்கிறது. கடன் வட்டி 9 சதவீதத்திலேயே நிற்க வேண்டும். அது 8க்கு இறங்கினால், இதே தவணையில் 58இல் பாக்கி 9.10 லட்சமாகிவிடும்; மிஞ்சுவது 18.25 லட்சம். இரண்டு வழிக்கும் வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய்தான். இரண்டாவது, விடுபட்ட 24,918 ரூபாயும் அறுபது மாதமும் முழுதாகச் சேமிப்புக்குப் போக வேண்டும். தவணை நின்ற மாதம் முதல் அந்தப் பணத்துக்கு வீட்டில் நூறு வேலை முளைக்கும்: மகனுக்கு வண்டி, மாடியில் ஒரு அறை, சொந்தத்தில் ஒரு கல்யாணம். பாதியைத்தான் சேமித்தீர்கள் என்றால் 58இல் கையில் இருப்பது சுமார் 9 லட்சம். கடன் தவணை ஒரு கட்டாயம். சேமிப்பு அப்படி இல்லை. ஒரு லட்சம் லாபத்துக்காக ஒன்பது லட்சத்தைப் பணயம் வைக்கும் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

58க்குப் பிறகு என்ன வரும் என்பதையும் பார்த்துவிடுங்கள். பி.எஃப். ஓய்வூதியத்தை நம்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் 15,000 ரூபாய்தான், 52,000 அல்ல. 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு அதுவும் 6,500 ரூபாய். சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள்; 20 ஆண்டைத் தாண்டியதற்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். உங்களுக்கு வருவது மாதம் 5,000 ரூபாயை ஒட்டி இருக்கும். இன்றைய 40,000 ரூபாய் வீட்டுச் செலவு, விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் ஐந்து ஆண்டில் 53,500 ஆகிவிடும். இடைவெளியை நிரப்பப்போவது முக்கியமாக பி.எஃப். பணம்தான். தொடாமல் விட்டால், சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், 58இல் அது 54 லட்சத்தைத் தொடும். 18.40 லட்சத்தை எடுத்துவிட்டால் 27 லட்சம். பாதிக்குப் பாதி.

உங்கள் சந்தேகங்கள்

“வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள்” என்பது எல்லாத் தொழிற்சாலை கேன்டீனிலும் ஓடும் பேச்சு. வீட்டுக்கடன் குறையும் அசலுக்கு வட்டி போடும் கடன். அன்றைக்கு எவ்வளவு அசல் பாக்கியோ அதற்குத்தான் வட்டி. தொடக்கத்தில் அசல் அதிகம், எனவே வட்டியும் அதிகம். யாரும் எதையும் முன்கூட்டிப் பிடிக்கவில்லை. இந்த மாதத் தவணையையே எடுங்கள்: 18.40 லட்சத்துக்கு மாத வட்டி 13,800. நீங்கள் கட்டும் 24,918இல் அசலுக்குப் போவது 11,118 மட்டும். பாதிக்கு மேல் இன்னும் வட்டிதான். அசலில் ஒரு பகுதியை இப்போது அடைத்தாலும் நல்ல பலன் உண்டு.

அபராதம் இல்லை. தனிநபர் பெயரிலுள்ள மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் வசூலிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்பதும் அவர்கள் கேள்வி அல்ல. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். உங்களுடையது அப்படி இல்லை.

வரிச்சலுகை போய்விடும் என்ற கவலையும் உங்கள் விஷயத்தில் தேவையில்லை. குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரிமுறையில் மட்டும். உங்கள் மொத்தச் சம்பளம் 11 லட்சம் சொச்சம். புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு அதற்கு மேல் 75,000 நிலைக்கழிவும் உண்டு. கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். இல்லாத வரியைச் சேமிக்கக் கடனை வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பி.எஃப். எடுத்தால் வரி என்று யாரோ சொன்னதும் உங்களுக்குப் பொருந்தாது. ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியான பணியைத் தாண்டியவர் எடுக்கும் பி.எஃப். பணத்துக்கு வரி கிடையாது.

முதல் வேலை: வட்டியைக் குறைப்பது

பணம் எதையும் எடுக்காமல் செய்யக்கூடியது இது, ஆனால் உங்கள் கடிதத்தில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. 2016இல் வங்கியில் வாங்கிய கடன் என்பதால் அது பெரும்பாலும் எம்.சி.எல்.ஆர்., அதாவது வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே வட்டியைக் கணக்கிடும் முறையில் இருக்கும். அதில் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தால் உங்களிடம் வந்து சேர வெகுநாள் ஆகும், முழுதாகவும் வராது. 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் வட்டி) இணைந்தவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவற்றின் வட்டியைத் திருத்தியாக வேண்டும். ரெப்போ 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதம், அந்த ஆண்டு டிசம்பரில் 5.25. புதிதாகக் கடன் வாங்குபவர் 8 சதவீதத்துக்கும் கீழே வாங்கிக்கொண்டிருக்க, பழைய வாடிக்கையாளரான நீங்கள் 9 கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். “என் கடனை ரெப்போ இணைப்பு வட்டிக்கு மாற்ற விரும்புகிறேன், மாற்றினால் இறுதி வட்டி எவ்வளவு, மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் தெரிவிக்கவும்” என்று கேளுங்கள். கட்டணம் சில ஆயிரம் ரூபாயாக இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு சதவீதம் குறைந்தால் முதல் ஆண்டிலேயே 18,000 ரூபாய்க்குப் பக்கம் மிச்சம்.

வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது இரண்டாம் பட்சம். சட்டக் கருத்துரை, மதிப்பீடு, செயலாக்கக் கட்டணம், வீட்டுப் பத்திரங்களை அடமானமாக ஒப்படைத்ததை மறுபடி சார்பதிவாளரிடம் பதிவு செய்யும் செலவு என்று வரிசையாக வரும். ஐந்தே ஆண்டில் முடிக்கப்போகும் கடனுக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. உங்கள் வங்கி மறுத்தால் மட்டும் யோசியுங்கள். வேறு வங்கி தரும் வட்டியைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது: எட்டு லட்சத்தில் நான்கு

6.6 சதவீதத்துக்கு வங்கியில் பணத்தைப் போட்டுவிட்டு, 9 சதவீதத்துக்கு வங்கியிடமே கடன் வைத்திருக்கிறீர்கள். 8.25 தரும் பி.எஃப். பணத்தை எடுக்கத் துணிந்த நீங்கள் 6.6 தரும் பணத்தைத் தொடத் தயங்குவதற்குக் காரணம், அதற்குத் “திருமணப் பணம்” என்று பெயர் வைத்துவிட்டதுதான். கடனை அடைக்கும்போது குறைந்த வட்டி தரும் பணத்தை முதலில் எடுக்க வேண்டும், அதிக வட்டி தருவதைக் கடைசியில்.

எட்டையும் எடுக்கச் சொல்லவில்லை. ஐந்து மாதத்து வீட்டுச் செலவு, விடுதிக் கட்டணம், தவணை எல்லாம் சேர்ந்தால் 4 லட்சம் ஆகும். அது டெபாசிட்டில் அப்படியே இருக்கட்டும். ஒரே ரசீதாக இல்லாமல் ஒரு லட்சம் வீதம் நான்காகப் பிரித்துப் போடுங்கள், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். மீதி 4 லட்சத்தைக் கடனில் கட்டுங்கள். டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைத்தால் அரை முதல் ஒரு சதவீதம் வட்டியைப் பிடிப்பார்கள்; இரண்டு மூன்று மாதத்தில் முதிர்வதாக இருந்தால் அதுவரை பொறுங்கள்.

கட்டிய பிறகு பாக்கி 14.40 லட்சம். வட்டி 8 ஆகியிருந்தால், மாதம் 29,200 கட்டினால் சரியாக 60 மாதத்தில் கடன் தீரும். வங்கி வட்டியைக் குறைக்கவே மறுத்தாலும் 29,900 போதும். இப்போது கட்டுவதைவிட நான்காயிரத்துச் சொச்சம் அல்லது ஐந்தாயிரம் கூடுதல். செலவெல்லாம் போக மாதம் ஒன்பதாயிரம் மிஞ்சுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் இது அடங்கும். மகன் படிப்பு முடிந்ததும் விடுதிப் பணம் 11,000 விடுபடும். அதில் ஒரு பகுதியையும் சேர்த்தால் 58க்கு முன்பே முடியும்.

108 தவணையும் கட்டினால் நீங்கள் இனிமேல் கொடுக்க வேண்டியது 26.91 லட்சம். இந்த வழியில் 4 லட்சமும் அறுபது தவணையும் சேர்த்து 21.52 லட்சம். வித்தியாசம் 5.39 லட்சம். டெபாசிட்டில் விட்டிருந்தால் அந்த 4 லட்சம் ஐந்து ஆண்டில் ஈட்டியிருக்கும் ஒன்றரை லட்சத்தைக் கழித்துக்கொண்டாலும் நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும்.

மகள் திருமணம் இடையில் வந்தால்? அப்போது வேண்டுமானால் பி.எஃப். கணக்கில் திருமணத்துக்கென்று உள்ள வழியில் தேவையான அளவு எடுங்கள். தேதியே குறிக்காத கல்யாணத்துக்காக இன்றைக்கு 6.6 சதவீதத்தில் பணத்தைத் தூங்கவைக்க வேண்டாம்.

வங்கியில் இடறும் இடங்கள்

பகுதிப் பணம் கட்டுகையில் தவறு நடப்பது பெரும்பாலும் கவுன்ட்டரில்தான். “4 லட்சத்தை அசலில் வரவு வைக்கவும், மாதத் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைக்கவும்” என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். இந்த ஒரு வரியின் விலை என்ன தெரியுமா? 9 சதவீத வட்டியிலேயே, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால் 108 மாதம் 76 ஆகும், வட்டியில் 3.97 லட்சம் மிச்சம். காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைத்தால் மாதம் 19,500 ஆகும், மிச்சமாவது 1.85 லட்சம்தான்.

இன்னொன்று: சில நேரம் கூடுதல் பணத்தை அசலில் கழிக்காமல் “முன்கூட்டிய தவணை” என்று ஓரமாக நிறுத்திவைத்துவிடுவார்கள். பணம் போயிருக்கும், அசல் குறைந்திருக்காது. பத்து நாள் கழித்துக் கணக்கு அறிக்கை வாங்கி, அசல் பாக்கி 18.40 லட்சத்திலிருந்து 14.40 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். தவணையை உயர்த்தப் புதிய பற்று அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அது பதிவாகும் மாதத்தில் பழைய தவணையும் புதியதும் இரண்டுமே கணக்கிலிருந்து போய்விடாமல் கவனியுங்கள். தவணையை உயர்த்த வங்கி இழுத்தடித்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 26,000 ரூபாயாகச் சேர்த்துக் கட்டினாலும் பலன் பெரிதாகக் குறையாது.

வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதை எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கட்டிய அசல், கட்டிய வட்டி, மீதித் தவணை எண்ணிக்கை காட்டும் அறிக்கையும் தர வேண்டும். கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பி.எஃப். எடுப்பது எப்போது சரி

எக்காலத்திலும் தொடக்கூடாது என்பதில்லை. வேலை போகும் நிலை வந்து, தவணை தவறி, வீடு ஏலத்துக்குப் போகும் பேச்சு எழுந்தால் தாராளமாக எடுங்கள். கடன் வட்டி 11, 12 சதவீதமாக இருந்து, மாற்றவும் வழியில்லை என்றாலும் எடுப்பதுதான் கணக்கு. நீங்கள் அந்த இரண்டிலும் இல்லை.

மனிதவளப் பிரிவு சொன்ன 36 மாதச் சம்பளம் என்பது பழைய விதி: பத்து ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், 36 மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், கணக்கிலுள்ள தொகை, கடன் பாக்கி, இந்த மூன்றில் எது குறைவோ அது. 2025 அக்டோபர் 13இல் நடந்த பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழுக் கூட்டத்தில், 13 வகைப் பகுதி எடுப்புகளை மூன்றாகச் சுருக்கவும், 12 மாதப் பணி இருந்தாலே அனுமதிக்கவும், 25 சதவீதத்தைக் கணக்கிலேயே நிறுத்திவைக்கவும் முடிவெடுத்தார்கள். எடுப்பது எளிதாகிறது என்பது எடுக்கக் காரணமாகாது. பி.எஃப். கணக்கிலிருந்து ஒருமுறை எடுத்ததைப் பின்னாளில் மொத்தமாகத் திருப்பிப் போட வழியில்லை. சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பது ஒன்றுதான் உள்ளே போகும் பாதை.

இப்போதைக்கு எடுக்காவிட்டாலும் யு.ஏ.என். (எல்லா பி.எஃப். கணக்குகளையும் இணைக்கும் பொது எண்) கணக்கைச் சீராக வைத்திருங்கள். ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் பெயர், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா, பழைய நிறுவனத்தின் கணக்கு ஏதும் இணைக்காமல் கிடக்கிறதா, வாரிசு நியமனத்தை இணையத்தில் செய்தாயிற்றா என்று பாருங்கள். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்தச் சில்லறைக் காரணங்களால்தான். வீடு உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் இருப்பதால் உங்களுக்கு ஒரு சிக்கல் இல்லை. மனை அப்பா பெயரில், கடன் மகன் பெயரில் என்று வைத்திருப்பவர்களுக்கு வீட்டுக்கான பி.எஃப். கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

58இல் கொஞ்சம் பாக்கி நின்றுவிட்டாலும் கலங்க வேண்டாம். 27 ஆண்டுப் பணிக்கு, இன்றைய 52,000 ரூபாய் சம்பளத்திலேயே, உங்கள் கிராஜுவிட்டி 8.10 லட்சம் (ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், 26 நாளை ஒரு மாதமாக வைத்து). கடனின் வாலை அது அறுக்கும். பி.எஃப். தொகையில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2025-26இல் இருந்த 8.2 சதவீதப்படி மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும். 60 வயதாகாவிட்டாலும், 55ஐத் தாண்டி ஓய்வு பெற்றவர் ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதில் சேரலாம். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் 60 வரை காத்திருக்க நேரும்.

கடன் முடியும் நாளில்

கடைசித் தவணை போனதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும்; வங்கியின் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் கடனைத் தீர்த்தவர்களுக்கு இந்த விதி உண்டு. கடன் கொடுக்கும்போது அவர்கள் கொடுத்த பத்திரப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள், குறிப்பாகத் தாய்ப் பத்திரங்களை. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில், பத்திர ஒப்படைப்பை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தை வங்கி அதிகாரியை வைத்துப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நிற்கும். பத்து ஆண்டு கழித்து விற்கப் போகும்போதோ பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும்போதோதான் தெரியவரும். 2016இல் கடனோடு சேர்த்துக் காப்பீடு எடுக்கவைத்திருந்தால் அந்தப் பாலிசியையும் தேடி எடுங்கள். கடனை முன்கூட்டி முடித்தால் பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம்.

தம்பியின் கடன்

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் வீட்டுக்கடனைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். தம்பியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை.

இப்போது உங்கள் திட்டத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். பி.எஃப். கணக்கில் கிடக்கும் பணத்தைக் கடன் வழக்கில் நீதிமன்ற ஆணையாலும் ஜப்தி செய்ய முடியாது. 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டம் கொடுத்த பாதுகாப்பு அது. வீட்டுக்கு அப்படி எந்தக் கவசமும் இல்லை. அடமானம் உள்ளவரை வீட்டின் மேல் முதல் உரிமை உங்கள் வீட்டுக்கடன் வங்கிக்கு. அடமானம் தீர்ந்த வீட்டில் உங்கள் பங்கோ, தம்பிக்குக் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு வென்றால் நேராகக் கை வைக்கக்கூடிய சொத்து. யாரும் தொட முடியாத இடத்தில் இருக்கும் 18 லட்சத்தை, தொடக்கூடிய இடத்துக்கு நீங்களே மாற்றிவைக்கப் பார்த்தீர்கள். தம்பி நல்லவர், தொழில் நன்றாக ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எவ்வளவு கடன், எவ்வளவு பாக்கி, தவணை ஒழுங்காகப் போகிறதா என்று உங்கள் கடிதத்தில் ஒரு எண்கூட இல்லை.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். நீங்கள் ஜாமீன் போட்ட கடனும், அதில் தவணை தவறியிருந்தால் அதுவும் உங்கள் பெயரில் தெரியும். வங்கியில் வட்டியைக் குறைக்கக் கேட்கப்போகும் முன் இதைச் செய்வது நல்லது, ஏனென்றால் அவர்களும் அதையேதான் பார்ப்பார்கள். தம்பியிடம் அனுமதிக் கடிதத்தின் நகலும் சமீபத்திய கணக்கு அறிக்கையும் கேளுங்கள். கால வரையுள்ள கடன் என்றால் அது முடியும்வரை நீங்கள் கட்டுப்பட்டவர். ஓ.டி. போல எடுத்தும் கட்டியும் ஓடும் கணக்கு என்றால், இனி எடுக்கும் தொகைக்கு நான் பொறுப்பல்ல என்று வங்கிக்கு எழுத்தில் அறிவிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகம் இருக்கலாம். ஆகவே அந்தப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். கையெழுத்துப் போட்ட அன்று நகல் வாங்காமல் வந்திருந்தால், இந்த வாரம் அந்த வங்கிக்குப் போய் அதைக் கேட்டு வாங்குங்கள்.